நத்தார்க் கள்ளியும் நீண்ட இரவும்



கள்ளி என்ற சொல்லைக் கேட்டவுடனே எம்மவர் மனக்கண்முன் தோன்றுவன வேலியோரத்துச் சதுரக்கள்ளியும், மணற்பாங்கான வெளிகளில் முட்களோடு படர்ந்து கிடக்கும் நாகதாளியுமே. கொளுத்தும் வெயில், நீரற்ற நிலம், தொட அஞ்ச வைக்கும் முள் ஆகிய மூன்றும் அச்சொல்லோடு உடன்பிறந்தவை. ஆகவே மேலைநாடுகளில் டிசெம்பர் மாதந்தோறும் கடைகளில் விற்கப்படும் ஓர் அழகிய பூச்செடிக்குக் ‘கிறிஸ்மஸ் கக்ரஸ்’, அதாவது நத்தார்க் கள்ளி, என்று பெயர் வழங்குவதைக் கேட்டால் நாம் வியப்படைகிறோம். முள்ளில்லாத, தட்டையான, நண்டின் கால்களைப்போலக் கணுக்கணுவாகத் தொங்கும் பச்சைத் தண்டுகள். அவற்றின் நுனிகளில் இளஞ்சிவப்பும் வெண்மையும் செந்நிறமுமாக அடுக்கடுக்காய் விரியும் மலர்கள். தாவரவியல் அறிஞர் இதனைக் கள்ளிக் குடும்பத்திலேயே சேர்க்கின்றனர். பெயரிற் பிழையில்லை. ஆனால் அப்பெயரை நம்பி இச்செடியைப் பாலைவனத்துப் பிள்ளையைப்போல வளர்க்கப் புகுவோர் ஏமாற்றமடைவர்.

இச்செடியைப் பற்றி எழுதுமாறு எம்மைத் தூண்டியது கனடா நாட்டின் ரொறன்ரோ மாநகரிலிருந்து வந்த ஒரு கடிதம். எழுதியவர் எம் மறைமாவட்டத்திலிருந்து புலம்பெயர்ந்து சென்ற ஒரு தாயார். இம்மாத இதழை அவருடைய சகோதரி அஞ்சலில் அனுப்பி வருகிறாராம். அவருடைய கணவர் தாம் உயிரோடிருந்த கடைசி நத்தாருக்கு முன்னர், அங்காடியொன்றில் ஒரு நத்தார்க் கள்ளியை வாங்கி வந்து வரவேற்பறையில் வைத்தார். அது அவ்வாண்டு இலைகாணாதபடி பூத்தது. அடுத்துவந்த மாசி மாதத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார். அதன்பின் நான்கு நத்தார்கள் சென்றுவிட்டன. செடி செழிப்பாக இருக்கிறது. புதுத் தண்டுகள் விடுகிறது. ஒரு மொட்டேனும் வைக்கவில்லை. ‘சுவாமி, பிள்ளைகள் இதனை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்கிறார்கள். புதிதாக வாங்குவது எனக்குத் தெரியாததல்ல. அவர் வாங்கிவந்தது இது. இனி இது பூக்காது என்றால் சொல்லிவிடுங்கள், மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன்’ என்று எழுதியிருக்கிறார். அவருக்குத் தனியாக மறுமொழி அனுப்பிவிட்டோம். எனினும் இதே கேள்வியை உள்ளத்தில் வைத்திருக்கும் குடும்பங்கள் வேறும் இருக்கக்கூடும் என்பதால் இப்பக்கத்திலும் எழுதத் துணிந்தோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். செழிப்பாக வளர்ந்துகொண்டே மொட்டு வைக்க மறுக்கும் நத்தார்க் கள்ளி மலடானதன்று, நோயுற்றதுமன்று. இரவு வந்துவிட்டது என்பதை அதற்கு எவரும் அறிவிக்கவில்லை. அவ்வளவே.

இதனை விளங்கிக்கொள்ள இச்செடியின் பிறந்தகத்துக்குச் செல்லவேண்டும். தென் அமெரிக்காவில் பிறேசில் நாட்டின் தென்கிழக்குக் கரையோரமாக, றியோ டி ஜெனீரோ நகருக்குப் பின்னே, உயர்ந்த மலைத்தொடர்கள் எழுகின்றன. அவற்றுள் ஒன்றுக்குப் போர்த்துக்கேயர் ‘ஓர்கன் மலைகள்’ எனப் பொருள்படும் பெயரை இட்டனர். அதன் கற்சிகரங்கள் தம் நாட்டுத் தேவாலயங்களில் உள்ள ஓர்கன் இசைக்கருவியின் குழல்கள்போல வரிசையாக நிற்பதைக் கண்டு இட்ட பெயர் அது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதி மேகமாகவும் மூடுபனியாகவும் காடுகளின்மேல் தங்குகிறது. அக்காடுகளில் மரக்கிளைகளின் கவர்களிலும், பாசி படர்ந்த பாறை இடுக்குகளிலும், உக்கிய இலைச் சருகில் வேரூன்றி வாழ்வதே நத்தார்க் கள்ளியின் மூதாதையர் வழக்கம். மண்ணில் கால் பதியாமல் மரத்தின்மீது வாழ்வதால் இவற்றை மேலொட்டித் தாவரங்கள் என்பர். மரத்தின் சாற்றை இவை உறிஞ்சுவதில்லை; தங்க இடம் மட்டுமே கேட்கின்றன. எம் நாட்டில் மே மாதத்தில் மலர்வதால் ‘வெசாக் மலர்’ எனச் சிங்கள மக்கள் போற்றும் ஓர்கிட் செடியும் மரத்தின்மீது வாழும் இத்தகையதே. ஆகவே நத்தார்க் கள்ளி அறிந்த உலகம் நிழலும் ஈரமும் குளிர்ந்த இரவுகளும் நிறைந்த மலைக்காடு. பாலைவனத்தை அது கண்டதேயில்லை.

அக்காட்டில் இதன் உறவினச் செடி எப்போது பூக்கிறது தெரியுமா? பிறேசில் மக்கள் அதற்கு இட்டிருக்கும் பெயரே ‘மே மலர்’ என்பதாகும். டிசெம்பர் எங்கே, மே எங்கே என்று மயங்க வேண்டாம். அந்நாட்டின் அப்பகுதி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் தலைகீழாக அமைகின்றன. மார்ச் மாதத்தின் பிற்பகுதியில் அங்கே பகலும் இரவும் சமமாகி, அதன்பின் நாள்தோறும் இரவு நீள்கிறது. காற்றிலும் குளிர் ஏறுகிறது. அந்த நீளும் இரவுகளையும் குளிரையும் உணர்ந்து செடி மொட்டு வைக்கிறது. மே மாதத்தில் மலர்கிறது. வட நாடுகளிலோ இரவு பகலை வெல்லத் தொடங்குவது செப்டெம்பர் மாத இறுதியில். அங்கே கொண்டுசெல்லப்பட்ட செடி தன் பழைய கணக்கையே பின்பற்றி, நவம்பரிலும் டிசெம்பரிலும் பூத்தது. அது கிறிஸ்து பிறப்பு விழாவோடு ஒத்துவந்தமையால் விழாவின் பெயரும் அதற்குக் கிடைத்தது.

இச்செடி ஐரோப்பாவுக்குச் சென்ற வரலாற்றில் எம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதன் ஓர் இனம் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில் வளர்க்கப்பட்டது. 1819இல் ஹாவேர்த் என்னும் அறிஞர் அதற்கு ‘துருங்காத்தா’ என்று பெயரிட்டார். குருமடத்தில் படித்த சிறிதளவு இலத்தீன் இங்கே எமக்குக் கைகொடுக்கிறது: ‘நுனி வெட்டப்பட்டது’ என்பது அதன் பொருள். தண்டின் ஒவ்வொரு கணுவும் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் முடிவதைக் காண்போருக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். பின்னர் ஸ்கொத்லாந்து நாட்டவரான ஜோர்ஜ் கார்ட்னர் என்னும் மருத்துவர் 1836இல் பிறேசிலுக்குச் சென்றார். கிளாஸ்கோவில் பெரும் தாவரவியல் அறிஞர் வில்லியம் ஹுக்கரிடம் பாடம் கேட்ட அவர், 1841வரை அந்நாட்டின் உட்பகுதிகளில் அலைந்து ஆயிரக்கணக்கான செடிகளைச் சேகரித்தார். 1837இல் ஓர்கன் மலைகளில் அவர் கண்டெடுத்த ஓர் இனமே ‘றஸ்ஸலியானா’. தமக்குப் பொருளுதவி செய்த பெட்போர்ட் கோமகனின் குடும்பப் பெயரான றஸ்ஸல் என்பதை அதற்குச் சூட்டினார். இவ்விரு இனங்களையும் இலண்டனுக்கு அண்மையில் டூட்டிங் என்னுமிடத்திலிருந்த றொலிஸன் நாற்றுமேடையில் பக்லி என்பவர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலந்து உருவாக்கியதே பழைய, உண்மையான நத்தார்க் கள்ளி.

அந்தக் கார்ட்னர் பின்னர் எங்கே வந்தார்? 1844இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் மேலதிகாரியாக இலங்கைக்கே வந்தார். ஐந்து ஆண்டுகள் இத்தீவின் செடிகொடிகளை ஆராய்ந்து, 1849இல் நுவரெலியாவில், நாற்பது வயது நிறைவதற்கு முன்னரே, காலமானார். நத்தார்க் கள்ளியின் பெற்றோருள் ஒன்றைக் காட்டிலிருந்து கொணர்ந்த மனிதரின் வாழ்வு எம் மலைநாட்டிலேயே முடிந்தது என்பதைப் பேராதனையைச் சுற்றிப் பார்க்கச் செல்லும் எம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் சொல்லலாம். பிள்ளைகள் அங்கே வௌவால்களை எண்ணுவதோடு திரும்பிவிடுகிறார்கள்!

இனி இரவைப் பற்றிய செய்திக்கு வருவோம். செடிகள் எவ்வாறு பருவத்தை அறிகின்றன என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. வெப்பம் என்றனர் சிலர். உணவு என்றனர் வேறு சிலர். ஐக்கிய அமெரிக்காவில் வேளாண்மைத் திணைக்களத்தில் பணியாற்றிய கார்னர், அலார்ட் என்னும் இருவர் (முன்னே சொன்ன கார்ட்னர் வேறு, இவர் வேறு) ஒரு வகைப் புகையிலைச் செடியால் தொல்லைப்பட்டனர். அது கோடையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூப்பதில்லை; குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டினுள் சிறு செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். அவர்கள் கோடை நாட்களில் அச்செடிகளைப் பிற்பகலிலேயே இருட்டுக் கொட்டகையினுள் தள்ளி, மறுநாட் காலையில் வெளியே எடுத்தனர். செடிகள் பூத்தன! பகலின் நீளமே செடிக்கு நாட்காட்டி என்பதை 1920இல் உலகுக்கு அறிவித்தனர். 1938இல் ஹாம்னர், பொன்னர் என்னும் வேறிருவர் இதனை இன்னும் நுணுகிப் பார்த்தனர். நீண்ட இரவின் நடுவே சில நிமிட நேரம் விளக்கைக் காட்டினாலே, பூக்கவேண்டிய களைச்செடியொன்று பூக்காமற் போனது. பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டாக்கியபோதோ எதுவும் கெடவில்லை. செடி எண்ணிப் பார்ப்பது இடையறாத இருளையே என்பது அதனால் தெளிவாயிற்று. தண்டிலும் இலையிலும் உள்ள ஒரு நிறப்பொருள் ஒளியைக் கண்டுகொள்கிறது என்பதும், அது சிவப்பு ஒளியையே மிகுதியாக உணர்கிறது என்பதும் பின்னர் வந்த ஆய்வுகளால் தெரிந்தன. செவ்வந்தி, நத்தார் நாட்களில் செவ்விலை காட்டும் பொயின்செற்றியா, எம் நத்தார்க் கள்ளி ஆகிய யாவும் நீண்ட இருளை வேண்டி நிற்கும் இக்கூட்டத்தையே சேர்ந்தவை.

இப்போது அந்தத் தாயாரின் வரவேற்பறையைப் பார்ப்போம். அவர் எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருந்தமை எமக்கு உதவியாயிற்று. தொடர்மாடியில் பன்னிரண்டாம் மாடி. இளைய மகன் இரவு வேலை முடித்து நள்ளிரவுக்குப் பின் வந்து விளக்கேற்றி உணவருந்துவார். தொலைக்காட்சி நெடுநேரம் ஓடும். செடியோ கணவருடைய படத்தின் கீழே, அதனையடுத்த திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் இரவும் பகலும் எரியும் சிறிய சிவப்பு மின்குமிழின் அருகில் வைக்கப்பட்டிருக்கிறது. அன்போடு தேர்ந்த இடம். ஆனால் செடிக்கு அங்கே இரவு என்பதே இல்லை. நான்கு ஆண்டுகளாக அதற்கு ஒரே நீண்ட பகல்! கணவர் வாங்கிவந்த ஆண்டில் மட்டும் பூத்ததன் காரணமும் இதுதான். விற்பனைக்காக வளர்ப்போர் தம் கண்ணாடி வீடுகளில் வேண்டிய இருளைக் கொடுத்து, மொட்டு வைத்த பின்னரே கடைக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்த செடி, அங்கே தொடங்கியதை இங்கே முடித்தது.

அந்த விளக்கை அணைக்குமாறு நாம் எழுதவில்லை. ஒரு குடும்பம் தன் துயரத்திலும் நம்பிக்கையிலும் ஏற்றிவைத்த விளக்கு பூவுக்காக அணைக்கப்படவேண்டியதில்லை. செடியை நகர்த்தினாற் போதும். செப்டெம்பர் இறுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிவரை அதனை வேறு அறைக்குக் கொண்டுபோய், மொட்டு நன்றாகத் தெரிந்தபின் மீண்டும் படத்தின்கீழ் வைக்கலாம். விழா நாட்களில் அது அங்கேயே இருக்கும். விளக்கேற்றாத ஓர் அறை இருக்குமானால், ரொறன்ரோவின் வானமே வேண்டியதைச் செய்துவிடும். ஒக்டோபர் முடிவில் அங்கே இரவு 13½ மணி நேரத்தை எட்டுகிறது, டிசெம்பர் 21இல் ஏறக்குறைய 15 மணி நேரமாகிறது. ஆயின் தெருவிளக்கின் ஒளி யன்னலால் வந்து விழுகிறதா என்று பார்க்கவேண்டும். தொடர்மாடிகளில் வெற்று அறை கிடைப்பது அருமை. அத்தகைய வீடுகளில் கடதாசி மட்டைப் பெட்டியொன்றே போதும். மாலை 6 மணிக்குச் செடியின்மேல் பெட்டியைக் கவிழ்க்கவேண்டும். காலை 8 மணிக்கு எடுத்துவிடவேண்டும். இவ்வாறு 14 மணி நேர இருள் கிடைக்கும். பெட்டியின் பொருத்துகளில் ஒளி கசியாதவாறு தடித்த துணியால் மூடலாம். பகலிலோ செடிக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். நாள் முழுவதும் அலுமாரிக்குள் அடைத்துவைப்பது தவறு. இருளில் மொட்டைத் தீர்மானிக்கும் செடி, அதனை வளர்ப்பதற்கு வேண்டிய உணவைப் பகல் ஒளியிலேயே சமைக்கிறது.

ஆறு கிழமைகள் இதனை ஒருநாளும் தவறாமற் செய்யவேண்டும். ஒழுங்கு வேண்டிய வேலை என்பதால் இதனை வீட்டில் உள்ள ஒரு பேரப்பிள்ளையிடம் ஒப்படைக்கலாம் என்பது எம் யோசனை. பெரியவர்கள் மறப்பார்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மறக்காது. இரவில் பெட்டியைத் தூக்கி ‘மொட்டு வந்துவிட்டதா’ என்று மின்சூளால் பார்க்க மட்டும் அனுமதிக்கக்கூடாது. தண்டு நுனிகளில் கடுகளவு மொட்டுகள் தோன்றி, அவை பருத்து வரத் தொடங்கியபின் இருட்டடிப்பை நிறுத்திவிடலாம். இருள் தொடங்கிய நாளிலிருந்து மலர் விரிய எட்டு முதல் பன்னிரண்டு கிழமைகள் செல்லும். ஆகவே ஒக்டோபர் முதற் கிழமையில் தொடங்குவோருக்குத் திருவருகைக் காலத்தின் பிற்பாதியில் பூக்களைக் காணும் வாய்ப்பு மிகுதி.

இருளோடு கைகோத்து வரவேண்டியது குளிர். இரண்டுக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கும் 13 பாகைக்கும் இடையில் இருக்குமானால், இரவின் நீளத்தைப் பெரிதாகப் பாராமலே செடி மொட்டு வைத்துவிடும். 15 முதல் 18 பாகைவரை என்றால் நீண்ட இருள் கட்டாயம் வேண்டும். இரவிலும் 21 பாகைக்கு மேல் வெப்பமூட்டிய அறைகளில் எவ்வளவு இருட்டினாலும் மொட்டுகள் அரிதாகவே வரும். குளிர்நாடுகளில் வாழும் எம்மவர் பலர், பிறந்த மண்ணின் வெயிலை வீட்டுக்குள்ளாவது காண விரும்பி, வெப்பமூட்டியைச் சற்று உயர்த்தியே வைக்கிறார்கள். அதனை நாம் குறைகூற மாட்டோம். அவர்கள் செடியை மட்டும் வெப்பமூட்டிக்குத் தொலைவாக, இரவில் குளிரும் யன்னலோரத்தில் வைக்கலாம். ஆனால் உறைபனியில் யன்னற் கண்ணாடியைத் தண்டு தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

பூக்கவில்லை என்றவுடன் எம்மவர் செய்யும் முதல் வேலை உரமிடுவது. பசித்த பிள்ளைக்குச் சோறூட்டும் தாயுள்ளம் அது. இவ்விடத்தில் அது பயன்படாது. ஓகஸ்ட் முடிவோடு உரத்தை நிறுத்திவிடவேண்டும். மாரிக்கு முன்னர் ஊட்டப்படும் உரம் பச்சைத் தண்டுகளையே வளர்க்கும். நீரையும் அக்காலத்தில் சற்றுக் குறைக்கலாம். சாடியின் மேல்மண் ஒரு விரற்கணு ஆழத்துக்கு உலர்ந்தபின் நீரூற்றுவதே முறை. அடித்தட்டில் தேங்கும் நீரை ஊற்றிவிடவேண்டும். மரக்கிளையில் வாழ்ந்த வேர்கள் சேற்றில் அழுகிப்போகும். கள்ளிதானே என்று மாதக்கணக்கில் காயவிடுவதும் கேடு. தண்டுகள் துவண்டு சுருங்குவது அதன் அடையாளம். கோடையின் நண்பகல் வெயில் நேரே படுமானால் தண்டுகள் செந்நிறமாகும். கிழக்கு யன்னலின் காலை ஒளி இதற்கு ஏற்றது. சாடியைப் பெரிதாக்கவும் அவசரப்படவேண்டாம். வேர்கள் சாடியைச் சற்று நெருக்கி நிறைத்திருக்கும்போதே இச்செடி நன்றாகப் பூக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பூத்து ஓய்ந்தபின், இளவேனிற் காலத்தில் சாடி மாற்றினாற் போதும்.

மொட்டு வந்தபின் வேறொரு சோதனை காத்திருக்கிறது. நாற்பது மொட்டுகளை எண்ணி மகிழ்ந்த வீட்டில் ஒருநாட் காலையில் அவற்றுட் பாதி தரையில் உதிர்ந்து கிடக்கும். செடியை அடிக்கடி இடம் மாற்றுவது, வெளிக்கதவு திறக்கும்போதெல்லாம் அடிக்கும் குளிர்காற்று, வெப்பமூட்டியின் உலர்காற்று, மண் முற்றாக வறள்வது அல்லது நீர் மிகுந்து சேறாவது ஆகியவையே காரணங்கள். மொட்டுக் காலத்தில் மண் ஒரே சீரான ஈரத்தோடிருக்கவேண்டும். கூழாங்கற்கள் பரப்பிய தட்டில் சிறிது நீர் விட்டு, அக்கற்களின்மேல் சாடியை வைத்தால் சுற்றிலும் காற்றுச் சற்று ஈரமாகும். மொட்டுகள் பருத்தபின் ஒருமுறை மட்டும் நகர்த்தலாம். நகர்த்திய இடத்திலேயே விட்டுவிடவேண்டும்.

தம்மிடமுள்ள செடி எவ்வினம் என அறிய விரும்புவோர் தண்டின் ஓரத்தைப் பார்க்கலாம். ஓரங்களில் கூரிய பற்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது துருங்காத்தா வழிவந்தது. இன்று கடைகளில் நத்தார்க் கள்ளி என்ற பெயரில் விற்கப்படுபவற்றுட் பெரும்பாலானவை இவையே. இவை நவம்பரிலேயே பூக்க முனைவதால் அமெரிக்கர் ‘நன்றியறிதல் நாட் கள்ளி’ என்கின்றனர். பற்கள் மழுங்கி வளைந்த ஓரமாயின் அது பக்லியின் பழைய கலப்பினம். டிசெம்பர் கடைசியில், சில வேளை ஜனவரியில், பூக்கும். நுனியில் மெல்லிய மயிர்கள் தெரிய, நட்சத்திர வடிவில் இளவேனிலில் பூப்பது உயிர்ப்பு விழாக் கள்ளி. இவையெல்லாம் ஒன்றுக்கொன்று உறவினரே. பூக்கும் காலம் சற்று முன்பின்னாக இருப்பது கண்டு கலங்கவேண்டாம். ஒரு கிழமை முந்திப் பூத்த பூவைத் திருப்பி அனுப்ப முடியாதன்றோ!

எம் நாட்டில் இதனை வளர்க்கலாமா என்று கேட்போருக்கும் ஒரு சொல். நுவரெலியா போன்ற மலைநகர்களில், ஆண்டிறுதி இரவுகள் 10 பாகையளவுக்கு இறங்கும் இடங்களில், தாழ்வாரத்து நிழலிலேயே இது வளர்ந்து பூக்கக்கூடும். பெட்டியும் வேண்டாம், துணியும் வேண்டாம். யாழ்ப்பாணம், மன்னார் போன்ற தாழ்நிலங்களில் செய்தி வேறு. எமது மிக நீண்ட இரவே ஏறக்குறைய 12½ மணி நேரம்தான். மார்கழியிலும் இரவுகள் 20 பாகைக்கு மேலேயே நிற்கின்றன. இருளைப் பெட்டியால் கூட்டிக்கொள்ளலாம். குளிருக்கு எங்கே போவது? வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் ஆசையோடு இதன் துண்டொன்றைப் பயணப்பையில் ஒளித்துக் கொணர்வதையும் நாம் ஊக்குவிக்க மாட்டோம். செடிகளோடு நோய்களும் பூச்சிகளும் வந்துசேரும் என்பதாலேயே விமான நிலையங்களில் அதற்கென அலுவலர் இருக்கின்றனர்.

பூத்து முடிந்த செடி களைத்திருக்கும். ஓரிரு மாதம் நீரைக் குறைத்து, உரமின்றி, அமைதியாக விட்டுவிடவேண்டும். மார்ச், ஏப்பிரல் அளவில் புதுக் கணுக்கள் துளிர்க்கும்போது மெல்லிய உரம் கொடுக்கத் தொடங்கலாம். மே, யூன் மாதங்களில் நீண்டுபோன தண்டுகளின் நுனியிலிருந்து இரண்டு மூன்று கணுக்களைக் கத்தியின்றி விரல்களால் திருகி எடுத்தால், அவ்விடத்தில் இரண்டு கிளைகள் விடும். மலர்கள் நுனிகளிலேயே தோன்றுவதால் நுனிகள் பெருகினால் பூவும் பெருகும். திருகி எடுத்த துண்டுகளையும் எறியவேண்டியதில்லை. ஓரிரு நாள் நிழலில் வைத்து வெட்டுவாய் உலர்ந்தபின், மணலும் உக்கிய இலைமண்ணும் கலந்த சிறு சாடியில் ஒரு கணுவின் பாதி புதையுமாறு நட்டு, மண்ணை இலேசாக ஈரமாக வைத்திருந்தால் சில கிழமைகளில் வேர் விடும். மறு ஆண்டிலோ அதற்கடுத்த ஆண்டிலோ பூக்கும். துண்டிலிருந்து வளர்ந்த செடி தாய்ச்செடியின் நிறத்தையே பூக்கும். விதையிலிருந்து வருவதுபோல் மாறுவதில்லை. தாய்ச்செடியே அரை நூற்றாண்டு கடந்தும் வாழ வல்லது. பிள்ளைகள் மூவரும் தனித்தனி வீடுகளில் வாழும் குடும்பமானால், ஒரே செடியிலிருந்து மூன்று சாடிகள் ஆயத்தம் செய்ய ஒரு கோடை போதும்.

பொயின்செற்றியாச் செடியின் இலைகள் இரண்டாம் ஆண்டில் சிவக்காதது ஏன் என்று கேட்டிருந்த வாசகிக்கு இதிலேயே பாதி விடை உண்டு. மறுபாதியை அடுத்த இதழில் எழுதுவோம்.